சுருக்குப் பையை யாரிடம் கொடுப்பது?

லினக்ஸை ரெடிமேடாக இறக்கி நிறுவிக்கொள்ளாமல், மூலநிரலை எடுத்து ஒவ்வொரு பொதியாகத் தானே கம்பைல் செய்து கட்டிக்கொள்கிற ஆசாமிகள் இன்னும் இருக்கிறார்கள். அடியேனும் அதில் ஒருவன். பி.காம். படித்துவிட்டு வங்கியில் வவுச்சர் பார்க்கிறவனுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். கொல்லங்கோட்டில் இரவு சாப்பாடு முடிந்துவிட்டால் செய்வதற்குப் பெரிதாக வேலை கிடையாது. குடும்பம் ஒரு ஊரில், உத்தியோகம் ஒரு ஊரில் என்று இருப்பவனுக்கு நேரம் போக வேண்டுமே!

இதற்கென்றே இருப்பது 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்'. சுருக்கமாக எல்.எஃப்.எஸ். 1999இல் ஜெரார்டு பீக்மன்ஸ் தொடங்கி வைத்தது. உண்மையில் இது ஒரு மென்பொருளே அல்ல, ஒரு புத்தகம். எண்பது சொச்சம் பொதிகளை எந்த வரிசையில், எந்தக் கட்டளையால் கட்ட வேண்டும் என்று சமையல் குறிப்பு போலச் சொல்லும். கடைசிப் பக்கத்துக்கு வந்தால் கையில் ஒரு முழு இயங்குதளம் இருக்கும். ஒவ்வொரு ஆணியும் நாம் அடித்தது.

அந்தப் புத்தகத்தில் எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டே தாண்டிப் போகிற இடம் ஒன்று உண்டு. கிளிப்சி என்ற பெரிய மலையை ஏறி இறங்கிய கையோடு வரும் சுருக்கும் கருவிகள். இசட்லிப், பீஜிப்2, எக்ஸ்இசட், எல்இசட்4, இசட்ஸ்டாண்டர்ட் என்று ஐந்தும் வரிசையாக நிற்கும். ஜீஜிப் பின்னால் தனியாக வரும். புத்தகத்தில் கட்டும் நேரத்தை அளக்க எஸ்.பி.யு. என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். முதல் பொதியான பைனூட்டில்ஸை உங்கள் கணினி கட்டி முடிக்க ஆகும் நேரம் ஒரு எஸ்.பி.யு. நான் சொன்ன சுருக்கும் கருவிகளில் எதுவும் அதில் பாதியைக்கூடத் தொடாது. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அதனால்தான் யாரும் யோசிப்பதில்லை. கட்டளையை ஒட்டு, என்டரைத் தட்டு, அடுத்ததுக்குப் போ.

என் கட்சி என்னவென்றால், தூங்கக் கூடாத இடம் அதுதான். ஒரு கணினியில் சுருக்கும் கருவியைச் சேர்ப்பது வீட்டுக்கு இன்னொரு டப்பா வாங்கி வைப்பது போல அல்ல. பாட்டியின் இடுப்பில் இருக்குமே சுருக்குப் பை, அதை ஒருவர் கையில் கொடுப்பது போல. எவ்வளவு சின்னதாக மடியும், எவ்வளவு வேகமாகத் திறக்கும் என்று மட்டும் பார்த்தால் போதாது. யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? எல்.எஃப்.எஸ்.சுக்கு இறக்க வேண்டிய மூலநிரல்களில் பெரும்பாலானவை எக்ஸ்இசட்டால் சுருக்கப்பட்ட டார்பால்களாகவே வருகின்றன. லினக்ஸ் கெர்னலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013 இறுதியில் கெர்னல் தளம் பீஜிப்2 வடிவத்துக்கு விடை கொடுத்துவிட்டு எக்ஸ்இசட்டுக்கு மாறிவிட்டது. ஆகவே எக்ஸ்இசட்டைக் கட்டுவதற்கு முன்பே, நீங்கள் வேலை செய்யும் பழைய கணினியில் ஒரு எக்ஸ்இசட் இருந்தாக வேண்டும். புத்தகமே அதை முன்தேவைப் பட்டியலில் வைத்திருக்கிறது. சாவிப் பெட்டியைத் திறக்கும் சாவி சாவிப் பெட்டிக்குள்ளேயே இருப்பது போலத்தான். தற்காலிகக் கருவிகள் கட்டும் கட்டத்தில் ஒரு முறை, இறுதி அமைப்பில் ஒரு முறை என்று எக்ஸ்இசட்டை இரண்டு தடவை கட்டுகிறோம். மற்ற எல்லாப் பொதியும் இந்தக் கையைத் தாண்டித்தான் வீட்டுக்குள் வருகிறது.

அது மட்டுமல்ல. சுருக்கும் கருவி என்பது கட்டளை வரியில் கூப்பிடும்போது மட்டும் வந்துபோகும் ஆள் இல்லை. அதன் நூலகம் மற்ற நிரல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. உங்களுக்கே தெரியாத நிரல் ஒன்று, உங்களுக்கே தெரியாத காரணத்துக்காக அதைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். இதில் என்ன ஆபத்து என்பதை 2024 மார்ச்சில் உலகமே பார்த்தது.

எக்ஸ்இசட்டைப் பல வருடங்களாகப் பராமரித்து வந்தவர் லாஸ்ஸே காலின். சம்பளம் கிடையாது. ஓய்வு நேரத்து வேலை. 2021 அக்டோபரில் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் சின்னச் சின்னத் திருத்தங்களை அனுப்ப ஆரம்பித்தார். 2022இல் வேறு சில பெயர்கள் திடீரென்று முளைத்தன. அதில் ஒன்று 'ஜிகர் குமார்' என்று இந்தியப் பெயர் வேறு. வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொருவரைச் சேர்த்துக்கொள் என்று காலினை நச்சரித்தார்கள். தனக்கு நீண்ட நாளாக மனநலப் பிரச்னைகள் இருப்பதையும், இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் அவர் வெளிப்படையாகவே சொன்னார். நச்சரிப்பு நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பு ஜியா டான் கைக்குப் போனது. 2023 மார்ச்சில் அந்தப் பெயரில் முதல் வெளியீடு வந்தது. 2024 பிப்ரவரி 24இல் 5.6.0. மார்ச் 9இல் 5.6.1. இரண்டிலும் கள்ளக் கதவு.

கதவை எங்கே வைத்தார்கள் தெரியுமா? எல்லோரும் படிக்கிற சி நிரலில் அல்ல. சுருக்கும் கருவியைச் சோதிக்க வைத்திருந்த மாதிரிக் கோப்புகளுக்குள். கெட்டுப்போன கோப்பு வந்தால் கருவி எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்க வேண்டாமா? அதற்காக வேண்டுமென்றே கெடுத்த கோப்புகளை எந்தச் சுருக்கும் கருவியும் கூடவே வைத்திருக்கும். குப்பை போலத் தெரிவதுதான் அதன் லட்சணம். அந்தக் குப்பைக்குள் உண்மையான நச்சு நிரல். அதை வெளியே எடுத்து ஓட்டும் சில வரிகள் டார்பாலில் மட்டும் இருந்தன, கிட் களஞ்சியத்தில் இல்லை. களஞ்சியத்தை வரி வரியாகப் படித்தவருக்கும் அது கண்ணில் படாது.

இதன் குறி எஸ்எஸ்ஹெச். தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வாசல். எஸ்எஸ்ஹெச்சுக்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடி உறவு எதுவும் கிடையாது. ஆனால் டெபியன், ஃபெடோரா போன்றவை எஸ்எஸ்ஹெச்சை சிஸ்டம்டி நூலகத்தோடு இணைத்திருந்தன. அந்த நூலகம் எக்ஸ்இசட்டின் நூலகத்தைக் கூப்பிடும். ஒன்றுவிட்ட உறவு, இரண்டுவிட்ட உறவு என்று போய்க் கடைசியில் கஜானா வாசலில் நின்றுவிட்டது.

கண்டுபிடித்தவர் ஆன்ட்ரஸ் ஃப்ராயிண்ட். மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் போஸ்ட்கிரெஸ் நிரலாளர், பாதுகாப்பு நிபுணர்கூட அல்ல. தன் வேலைக்காக வேக அளவீடு செய்துகொண்டிருந்தவருக்கு, எஸ்எஸ்ஹெச் நுழைவு வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை வினாடி அதிகம் எடுப்பது தெரிந்தது. விடாமல் நூல் பிடித்துப் போய், 2024 மார்ச் 29இல் விஷயத்தை உலகத்துக்குச் சொன்னார். இந்தக் குறைபாட்டுக்குக் கொடுக்கப்பட்ட அபாய மதிப்பெண் பத்துக்குப் பத்து.

அரை வினாடி! வங்கிக்காரனுக்கு இது உடனே புரியும். சாயங்காலம் கேஷ் கட்டும்போது பத்து ரூபாய் உதைத்தால், 'பத்து ரூபாய்தானே, என் பாக்கெட்டிலிருந்து போட்டுவிடுகிறேன்' என்று யாரும் கணக்கை மூடுவதில்லை. மூடவும் கூடாது. வித்தியாசம் பத்தா பத்தாயிரமா என்பது கேள்வியே அல்ல. வித்தியாசம் ஏன் வந்தது என்பதுதான் கேள்வி. ஃப்ராயிண்ட் செய்தது நல்ல கேஷியர் செய்கிற வேலை.

இப்போது எங்கள் ஆட்கள் சிலர் ஒரு வாதம் வைக்கிறார்கள். "நாங்கள் மூலநிரலிலிருந்து கட்டுகிறோம், எங்களுக்கு எதுவும் ஆகவில்லை பார்த்தீர்களா?" ஆகவில்லை என்பது உண்மைதான். அந்த நச்சு நிரல், தன்னை டெபியன் பொதியாகவோ ஆர்பிஎம் பொதியாகவோ கட்டுகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கும். கையால் கட்டுகிற எல்.எஃப்.எஸ். ஆசாமியை அது சீண்டவே இல்லை. ஆனால் இதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியுமா? திருடன் பங்களாவைத் தேடி வந்தான், ஓட்டு வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் போனான், அவ்வளவுதான். ஓட்டு வீட்டுப் பூட்டு உறுதியானது என்று இதற்கு அர்த்தமில்லை. நாமும் அதே டார்பாலைத்தான் இறக்குகிறோம். ஜியா டான் வேறு மாதிரி நினைத்திருந்தால் நம் கையாலேயே கம்பைல் செய்து நம் வீட்டுக்குள் வைத்திருப்போம்.

இன்னொரு வாதம், "செக்சம் சரிபார்க்கிறோமே" என்பது. எல்.எஃப்.எஸ். புத்தகம் ஒவ்வொரு பொதிக்கும் எம்டி5 எண் தருகிறது. இறக்கிய கோப்பு புத்தக ஆசிரியர்கள் வைத்திருக்கும் கோப்புதானா என்று அது சொல்லும். அதற்கு மேல் சொல்லாது. எங்கள் பாஷையில் சொன்னால், காசோலையில் இருக்கும் கையெழுத்து மாதிரிக் கையெழுத்தோடு பொருந்துகிறது. ஆனால் கணக்கை இயக்க அதிகாரம் பெற்றவரே மோசடிக்காரர் என்றால்? கையெழுத்து கச்சிதமாகப் பொருந்தும். கள்ளக் கதவு வைத்த வெளியீடுகளும் அப்படித்தான், பராமரிப்பாளரின் முறையான கையொப்பத்தோடு வந்தன. போலி எதுவும் இல்லை. அதுதான் கொடுமை.

இதைப் பற்றி ஆபீசில் ஒரு மலையாளி நண்பரிடம் சொன்னபோது, "சாரே, இது வெறும் ஒரு ஜிப் சாஃப்ட்வேர் அல்லே?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலானவர்கள் நினைப்பு அதுதான். ஆனால் அவர் பிள்ளைகள் படிக்கும் கேரளப் பள்ளிக்கூடங்களையே எடுத்துக்கொள்வோம். 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்று ஆரம்பித்து, 2017இல் 'கைட்' என்று பெயர் மாறிய அரசு அமைப்புதான் இங்கே பள்ளிக் கணினிகளைக் கவனிக்கிறது. பள்ளிகளில் ஓடுவது கட்டற்ற மென்பொருள், உபுண்டுவின் நீண்டகால ஆதரவு வெளியீட்டை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ். இந்த விஷயத்தில் கேரளத்துக்கு நான் சலாம் போடுவேன். உபுண்டு 2021 அக்டோபர் வெளியீட்டிலிருந்து தன் பொதிகளை இசட்ஸ்டாண்டர்ட் கொண்டு சுருக்குகிறது. ஆக, கொல்லங்கோட்டில் எட்டாம் வகுப்புப் பையன் கணினியைத் திறந்தால் அதற்குள்ளும் இந்தக் கருவிகள் இருக்கின்றன.

அதே உபுண்டுவின் 24.04 வெளியீடு 2024 ஏப்ரல் 25இல் வரவிருந்தது. கெட்ட எக்ஸ்இசட் அதன் வாசல்படி வரை வந்துவிட்டது. உபுண்டுக்காரர்கள் பீட்டாவை ஒரு வாரம் தள்ளிப்போட்டு, சந்தேகத்துக்குரிய காலத்தில் கட்டிய பொதிகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கட்டினார்கள். அந்த அரை வினாடியை ஃப்ராயிண்ட் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால், நீண்டகால ஆதரவு வெளியீட்டுக்குள்ளேயே அது புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். 'வெறும் ஜிப்' என்று சொல்வதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, வங்கியில் இதே பிரச்னைக்கு என்ன வழி வைத்திருக்கிறோம்? புதிதாக எதுவும் இல்லை. ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். பதிவு செய்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் வேறொருவர். இதைவிட முக்கியமாக நான் நினைப்பது கட்டாய விடுப்பு. முக்கியமான பொறுப்பில் இருப்பவரை, முன்கூட்டிச் சொல்லாமல், வருடத்துக்கு ஒரு முறை சேர்ந்தாற்போல் பத்து வேலை நாட்களுக்குக் குறையாமல் விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021 ஜூலையில் உத்தரவே போட்டிருக்கிறது. அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தால்தான் உள்ளே இருப்பது வெளியே தெரியும். தப்பு செய்யாதவருக்கும் இது நல்லது, ஓய்வு கிடைக்கும்.

காலினுக்கு அந்த ஓய்வு கிடைக்கவில்லை. உலகத்துச் சர்வர்கள் எல்லாம் நம்பியிருந்த சாவி ஒரே ஆள் கையில், சம்பளமில்லாமல், மாற்று ஆள் இல்லாமல் இருந்தது. களைத்துப் போனவரிடம் 'நான் கொஞ்சம் பிடித்துக்கொள்ளட்டுமா' என்று ஒருவர் கேட்டார். கொடுத்தார். நம்மில் யாராக இருந்தாலும் கொடுத்திருப்போம். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது சாவிக்கு நல்ல ஆளை அனுப்பாத நாம் எல்லோரும்தான் பதில் சொல்ல வேண்டும். கெட்ட நிரலை நீக்கி 2024 மே மாதம் 5.6.2ஐ வெளியிட்டதும் அதே காலின்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பீஜிப்2 கதையும் கேளுங்கள். 1996இல் ஜூலியன் சீவர்ட் எழுதியது. 2010இல் 1.0.6 வந்தது. அடுத்த 1.0.7 வந்தது 2019இல், வேறு ஆட்கள் எடுத்து நடத்திய பிறகு. நடுவில் ஒன்பது வருடம் வெளியீடே இல்லை. வங்கியில் இரண்டு வருடத்துக்கு மேல் வாடிக்கையாளர் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் அதைச் செயல்படாத கணக்கு என்று பிரித்து வைத்து, திடீரென்று பணம் எடுக்க வந்தால் கூடுதல் கவனத்தோடு பார்ப்போம். மோசடிக்காரன் தேடி வருவது அந்தக் கணக்கைத்தான். மென்பொருள் உலகத்தில் அப்படி ஒரு பட்டியல் கூட நம்மில் பலர் வைத்திருப்பதில்லை.

இதற்காகப் புதிய கருவியே சேர்க்காதே என்று நான் சொல்லவில்லை. ஃபேஸ்புக்கில் யான் காலே உருவாக்கி 2016இல் திறந்த மூலமாக வெளியான இசட்ஸ்டாண்டர்ட் அருமையான சரக்கு. ஆர்ச் லினக்ஸ் எக்ஸ்இசட்டிலிருந்து இதற்கு மாறி 2020 ஜனவரியில் அறிவித்த கணக்கு: பொதிகளின் மொத்த அளவு சுமார் 0.8 சதவீதம் கூடியது, விரிக்கும் வேகம் சுமார் 1300 சதவீதம் ஏறியது. காமர்ஸ் படித்த எவனும் இந்த வியாபாரத்துக்கு ஒத்துக்கொள்வான். எல்.எஃப்.எஸ்.சும் அதே 2020 மார்ச்சில் 9.1 பதிப்பில் இதைச் சேர்த்துக்கொண்டது. கெர்னலும் 5.9 முதல் தன்னையே இதைக் கொண்டு சுருக்கிக்கொள்ள முடியும். சேருங்கள். ஆனால் விசாரித்துச் சேருங்கள்.

என் கணினிக்கு நான் வைத்திருக்கும் விதிகள் இவை. ஒன்று, புத்தகம் கேட்காத சுருக்கும் கருவியை எந்த நிரல் கேட்கிறது என்று தெரியாமல் சேர்ப்பதில்லை. 'இருக்கட்டுமே' என்பது காரணம் அல்ல. இரண்டு, முடிந்தவரை கிட் களஞ்சியத்தின் குறியிட்ட பதிப்பை எடுத்து, டார்பாலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். தானாக உருவாகும் கோப்புகளைத் தவிர வேறு வித்தியாசம் இருந்தால் நிறுத்திவிட்டு ஏன் என்று கேட்க வேண்டும். மூன்று, மேக் செக் கட்டளையைத் தாண்டிப் போவதில்லை. ஜியா டான் வகையறாவை அது பிடிக்காது என்பது தெரியும், சாதாரணத் தப்பைப் பிடிக்கும். நான்கு, கருவியை நிறுவியதும் அதன் நிலையான நூலகக் கோப்பை நீக்கிவிடச் சொல்லிப் புத்தகம் கட்டளை தருமே, அதை மதிக்கிறேன். நூலகத்தில் ஓட்டை என்று தெரிந்தால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். பத்து நிரல்களுக்குள் பத்துப் பிரதி ஒளிந்திருந்தால் எதை எங்கே தேடுவது? ஐந்து, எந்தப் பதிப்பு, எந்தத் தேதி, எங்கிருந்து இறக்கினேன் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். பேரேடு எழுதிப் பழகிய கை, சும்மா இருக்காது.

இந்த ஐந்தையும் செய்தால் ஜியா டானை நானே பிடித்துவிடுவேனா? மாட்டேன். அந்த மாதிரிக் கோப்புகளைப் பார்த்திருந்தாலும் எனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. வங்கித் தணிக்கையும் எல்லா மோசடியையும் பிடித்துவிடுவதில்லை. ஆனால் யாரோ ஒருவர் எண்ணிப் பார்ப்பார் என்ற பயம் இருக்கும் கிளையில் கை வைக்கத் தயங்குவார்கள். ஆயிரம் பேர் ஆளுக்கொரு இடத்தில் எண்ணிக்கொண்டிருந்தால்தான், அதில் ஒருவருக்கு அரை வினாடி உதைக்கும்.

ஆறாவது ஒன்றும் இருக்கிறது, அதை விதி என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நாம் தினமும் ஓட்டும் கருவிகளில் ஏதாவது ஒன்றின் பராமரிப்பாளருக்கு வருடத்துக்கு ஒரு தடவையாவது நன்றி சொல்லி நாலு வரி எழுதுவது. நன்கொடை வாங்குகிறவர் என்றால் ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக் காசு அனுப்புவது. பிழை கண்டால் திட்டாமல் சொல்வது. களைத்துப் போன மனிதரிடம் முதலில் அன்பாகப் பேச வந்தது ஒரு மோசடிப் பெயர் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. நாம் முந்திக்கொண்டிருக்கலாம்.